கனடாவின் நிலமும் வளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா என்றதும் பனி, மேப்பிள் இலை, நயாகரா, விசா என்று நாலு விஷயங்கள் சட்டென்று நினைவுக்கு வரும். அந்த நாட்டின் நிலம் எப்படிப்பட்டது, அதற்கு அடியில் என்ன கிடக்கிறது, கிடப்பதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. "எண்ணெய் இருப்பில் மூன்றாவது இடம், யுரேனியத்தில் இரண்டாவது இடம்" என்ற மாதிரி பட்டியல்களை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கனடாவில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதிக் கதைதான் முடியும். அதை அங்கிருந்து எப்படி வெளியே எடுத்து வருகிறார்கள் என்பது மீதிப் பாதி. பெரும்பாலும் அதுதான் கடினமான பாதி.

உலகின் இரண்டாவது பெரிய நாடு என்பது உண்மையா?

உண்மைதான், தண்ணீரையும் சேர்த்து அளந்தால். மொத்தப் பரப்பு சுமார் 99.8 லட்சம் சதுர கி.மீ. ரஷ்யாவுக்கு அடுத்த இடம். இந்தியாவைப் போல மூன்று மடங்கு. இதில் கிட்டத்தட்ட 9 லட்சம் சதுர கி.மீ. ஏரிகளும் ஆறுகளும். நிலத்தை மட்டும் அளந்தால் சீனாவும் அமெரிக்காவும் முந்திவிடும்.

கடற்கரையின் நீளம் சுமார் 2,43,000 கி.மீ. உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு கிடையாது. வடக்கே சிதறிக்கிடக்கும் தீவுக்கூட்டமே அதற்குக் காரணம். அதில் பாஃபின் தீவு ஒன்றே 5 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் அலர்ட் என்ற ராணுவ, வானிலை நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் 817 கி.மீ.தான், டொரான்டோவோ 4,000 கி.மீ.க்கும் மேல்.

இவ்வளவு இடம் இருந்தும் ஏன் எல்லோரும் தெற்கு ஓரத்திலேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள்?

2016 கணக்கெடுப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் வாழ்கிறார்கள். நாட்டின் பரப்பில் அது வெறும் 4 சதவீதம். குளிர் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் மண். உழக்கூடிய மண் தெற்கில்தான் இருக்கிறது: ஒன்டாரியோவின் தென்முனை, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை, மேற்கில் மூன்று சமவெளி மாகாணங்களின் தென்பகுதி. நாட்டில் பண்ணை நிலம் என்று சொல்லத்தக்கது 7 சதவீதம்கூடத் தேறாது. மீதியில் பெரும்பகுதி பாறை, சதுப்பு, காடு, உறைந்த தரை.

அந்தப் பாறைதான் 'கனடியக் கேடயம்' என்பதா?

ஆமாம். ஹட்சன் விரிகுடாவைச் சுற்றி லாட வடிவில் கிடக்கும் மிகப் பழைய பாறைப்பகுதி அது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. வடமேற்குப் பிரதேசத்தில் அகாஸ்டா ஆற்றோரம் கிடைத்த பாறையின் வயது சுமார் 403 கோடி ஆண்டுகள். பூமிக்கே வயது 454 கோடிதான். ஒருகாலத்தில் அங்கே பெரிய மலைகள் இருந்தன. அவை தேய்ந்து தேய்ந்து, இன்று மலைகளின் அடிவேர் மட்டும் வெளியே தெரிகிறது.

விவசாயிக்கு அது பயனற்ற தரை. சுரங்கக்காரருக்கு நேர்மாறு. தங்கம், நிக்கல், செம்பு, துத்தநாகம், இரும்பு, யுரேனியம், வைரம் எல்லாம் கேடயத்தில்தான் அல்லது அதன் விளிம்பில்தான்.

ஏரிகள் ஏன் இவ்வளவு?

பனியுகம் செய்த வேலை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதி பனிப்படலத்துக்கு அடியில் கிடந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 3 கி.மீ. அந்தப் பனி அசையாமல் கிடக்கவில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. நகரும்போது கேடயத்தின் மேல் மண்ணைச் சுரண்டித் தெற்கே தள்ளியது, பாறையில் பள்ளங்களைக் குடைந்தது. பனி உருகியதும் பள்ளமெல்லாம் ஏரியாயிற்று. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 8 லட்சத்துக்கு மேல். உலகில் உள்ள அந்த அளவு ஏரிகளில் பாதிக்கு மேல் கனடாவில்தான்.

சுரண்டிய மண் எங்கே போயிற்று? ஒரு பகுதி தெற்கு ஒன்டாரியோவின் வயல்களில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில், ஒன்டாரியோ ஏரிக்கரையோரம் 15 கி.மீ. நீளத்துக்கு வெளிறிய மண்சரிவுகள் செங்குத்தாக நிற்கின்றன அல்லவா, அவை பனியுகக் காலத்து ஏரியிலும் ஆற்றிலும் படிந்த மணலும் களிமண்ணும்தான். உயரமான இடத்தில் சுமார் 90 மீட்டர். அலை அரித்து இன்னும் சரிந்துகொண்டேதான் இருக்கின்றன. விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். தீயணைப்புத் துறையினர் அங்கே மாட்டிக்கொண்டவர்களை இறக்குவது வழக்கமான செய்தி.

இன்னொரு விஷயம்: பனியின் பாரத்தில் அமுங்கிய தரை இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. வெகுநேரம் படுத்தவர் எழுந்தபின் இலவம்பஞ்சு மெத்தை மெதுவாக உப்புகிற மாதிரி. ஹட்சன் விரிகுடாவைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. உயர்வு. கடல் பின்வாங்கிக்கொண்டே போவதால் பழைய கடற்கரைக் கோடுகள் வரிவரியாகக் காட்டுக்குள் கிடக்கின்றன. அந்தப் பகுதியில் புவியீர்ப்பு சற்றே குறைவாக இருப்பதற்கும் இந்த அமுங்கல் ஒரு காரணம்.

உலக நன்னீரில் 20 சதவீதம் கனடாவில் இருக்கிறதாமே? தேவைப்படும் நாடுகளுக்கு விற்கக் கூடாதா?

20 சதவீதம் என்பது தேங்கி நிற்கும் நீரின் கணக்கு. பெரும்பகுதி பனியுகம் விட்டுப்போன இருப்பு. மழையாலும் உருகும் பனியாலும் ஆண்டுதோறும் புதிதாக வருவது உலக அளவில் சுமார் 7 சதவீதம். ஐம்பெரும் ஏரிகளில் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும் நீர் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அள்ளிக்கொண்டே போனால் மட்டம் இறங்கும். அதனால்தான் அந்த ஏரிகளின் நீரை வடிநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதை, அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் கனடா, அமெரிக்கா இரு நாடுகளும் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. 1909லேயே எல்லை நீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அமைந்த கூட்டு ஆணையம் இன்றும் இயங்குகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் திசை. ஓடும் நீரில் சுமார் 60 சதவீதம் வடக்கு நோக்கிப் போகிறது; ஆட்கள் இருப்பது தெற்கில். மெக்கன்சி ஆறு, தலை ஆறுகளையும் சேர்த்து 4,200 கி.மீ.க்கு மேல் ஓடி ஆர்க்டிக் கடலில் விழுகிறது. வழியில் ஒரு பெரிய நகரம்கூடக் கிடையாது.

அப்புறம், நீர் இருப்பதாலேயே எல்லோருக்கும் குடிநீர் கிடைத்துவிடவில்லை. வடக்கு ஒன்டாரியோவில் நெஸ்கன்டாகா என்ற பூர்வகுடி ஊர் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. 1995லிருந்து அங்கே 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்ற அறிவிப்பு நடப்பில் இருந்துவருகிறது. பணக்கார நாடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஆறு வடக்கே ஓடினால் என்ன பிரச்சினை?

குளிர்நாட்டில் அது பெரிய பிரச்சினை. வசந்தத்தில் தெற்கில்தான் முதலில் பனி உருகும். அந்த வெள்ளம் வடக்கே வரும்போது அங்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரை புரண்டுவிடும்.

வின்னிபெக் நகரம் இதை நன்றாக அறிந்தது. அமெரிக்காவிலிருந்து வடக்கு நோக்கி வரும் சிவப்பாறு (ரெட் ரிவர்) அந்த நகருக்குள் பாய்கிறது. சுற்றிலும் இருப்பது அகாசிஸ் என்ற பனியுக ஏரியின் அடித்தரை. தகடுபோல் தட்டையான களிமண். தண்ணீர் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் பரவும். 1950 வெள்ளத்தில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியேற வேண்டியிருந்தது. அதன்பின் மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் நகரைச் சுற்றி 47 கி.மீ. நீளத்துக்கு ஒரு வெள்ளக்கால்வாய் வெட்டினார். 1968ல் வேலை முடிந்தது. தண்டச்செலவு என்று கேலி பேசினார்கள். 1997ல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது, நகரம் தப்பித்துக்கொண்டது.

எவ்வளவு குளிர் அடிக்கும்?

பதிவானதில் மிகக் குறைவு 1947 பிப்ரவரி 3 அன்று யூகான் பிரதேசத்தின் ஸ்நாக்கில்: மைனஸ் 63 டிகிரி செல்சியஸ். மிக அதிகம் 2021 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில்: 49.6 டிகிரி. மறுநாளே காட்டுத்தீயில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஒரே நாட்டில் 110 டிகிரிக்கு மேல் வித்தியாசம். வான்கூவர் பக்கம் கடல்காற்றால் குளிர்காலம் மழைக்காலமாகவே கழியும். அங்கிருப்பவர்கள் வின்னிபெக் ஆட்களிடம் குளிரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

நிரந்தர உறைபனித் தரை என்றால் என்ன? அதன்மேல் எப்படி வீடு கட்டுகிறார்கள்?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே இருக்கும் தரை. கனடாவின் நிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஓர் அளவில் இப்படித்தான். கோடையில் மேலே ஓரடி, ஈரடி, சில இடங்களில் இன்னும் கொஞ்சம் இளகும்; கீழே கல் மாதிரி இறுகிக் கிடக்கும். வீட்டின் சூடு கீழே இறங்கினால் தரை இளகி, வீடு சாயும். அதனால் இனுவிக் போன்ற ஊர்களில் கட்டடங்களைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் குளிர்காற்று போக வழி விடுகிறார்கள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தரைக்கு மேலே, கதகதப்பூட்டிய உறைகளுக்குள் ஊரெங்கும் ஓடும்.

சாலைக்கும் ரயிலுக்கும் இதே தொல்லை. ஹட்சன் விரிகுடாவில் சர்ச்சில் என்று ஒரு துறைமுகம் உண்டு. வெள்ளைக்கரடிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே போக சாலை கிடையாது, ரயில்தான். 2017 வசந்தத்தில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட, 2018 இலையுதிர்காலம்வரை ரயில் ஓடவில்லை. பால், முட்டைகூட விமானத்தில் வந்தது.

ராக்கி மலைத்தொடர்தான் மிக உயரமானதா?

இல்லை. கனடாவின் உயர்ந்த சிகரம் யூகானில் உள்ள மவுண்ட் லோகன், 5,959 மீட்டர். அது செயின்ட் எலயஸ் மலைகளில் இருக்கிறது. ராக்கியின் கனடியப் பகுதியில் உயரமானது ராப்சன், 3,954 மீட்டர். ஆனால் ராக்கியில் கொலம்பியா பனிவெளி என்று ஓர் இடம் உண்டு. அதன் உச்சியில் விழும் பனி உருகினால் ஒரு பக்கம் பசிபிக், ஒரு பக்கம் ஆர்க்டிக், இன்னொரு பக்கம் ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக் என்று மூன்று பெருங்கடல்களுக்குப் பிரிந்து போகும்.

ஃபண்டி விரிகுடாவில் கடல் 16 மீட்டர் ஏறி இறங்குகிறதாமே?

ஆமாம், நோவா ஸ்கோஷியா பக்கம் ஃபண்டியின் உட்கோடியில். அந்த விரிகுடாவின் நீளமும் ஆழமும், அதில் நீர் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தை ஓதத்தின் (கடல் ஏறி இறங்குவதன்) தாளத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகச் செய்கின்றன. அதனால் ஏற்றம் பெருகுகிறது. 1984ல் அன்னபோலிஸில் 20 மெகாவாட் ஓத மின்நிலையம் ஒன்று கட்டினார்கள், 2019ல் நின்றுவிட்டது.

கனடாவில் எண்ணெய் உண்மையில் எங்கே இருக்கிறது?

1947 பிப்ரவரியில் ஆல்பர்ட்டாவின் லெடூக்கில் எண்ணெய் பீறிட்டபோது அது வழக்கமான கிணற்று எண்ணெய். இன்று கனடாவின் இருப்பு என்று சொல்லப்படும் சுமார் 17,000 கோடி பீப்பாய்களில் 97 சதவீதம் எண்ணெய்மணல். வடக்கு ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மெக்மர்ரியைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது. மணலும் களிமண்ணும் நீரும் கெட்டித் தாரும் கலந்த கலவை. அறை வெப்பத்தில் ஒழுகாது.

மேலாகக் கிடப்பதை ராட்சத வண்டிகளால் அள்ளி வெந்நீரில் அலசுகிறார்கள். ஒரு பீப்பாய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணல் வேண்டும். ஆனால் அப்படி அள்ளக்கூடியது இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி ஆழத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு கிணறுகளைக் கிடைமட்டமாக, ஒன்றுக்குமேல் ஒன்று சுமார் 5 மீட்டர் இடைவெளியில் துளைத்து, மேல் கிணற்றில் நீராவி விடுகிறார்கள். இளகிய தார் கீழ்க் கிணற்றுக்கு இறங்கும். நீராவி உண்டாக்க இயற்கை எரிவாயுவை எரிக்க வேண்டும். எண்ணெய் எடுக்கவே இவ்வளவு எரிபொருள் செலவாவதால்தான் கரிம உமிழ்வுக் கணக்கில் இந்த எண்ணெய் எப்போதும் வசைபடுகிறது. வசை நியாயமானதே. அலசிய கழிவுநீர் தேங்கும் குட்டைகளுக்கும் இன்னும் சரியான முடிவு இல்லை.

சரி, எடுத்தாகிவிட்டது. தார் குழாயில் ஓட வேண்டுமே? லேசான எண்ணெயைக் கலந்து இளக்கி அனுப்புகிறார்கள். ஆல்பர்ட்டாவுக்குக் கடல் கிடையாது. குழாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போனதால் வாங்குபவர் கிட்டத்தட்ட ஒருவர்தான். அவர் சொன்னதே விலை. கனடிய எண்ணெய் பல ஆண்டுகளாகத் தள்ளுபடியில் விற்றதற்கு, தரம் மட்டமானது என்பதோடு இதுவும் காரணம். பசிபிக் கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் குழாயை 2018ல் மத்திய அரசே 450 கோடி கனடிய டாலருக்கு வாங்கி, அதைவிடப் பல மடங்கு செலவில் விரிவாக்கியது. 2024 மே மாதம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் போன இடத்தில் இப்போது 8.9 லட்சம் போகலாம். அதன்பிறகுதான் ஆசியாவுக்குக் கப்பல்கள் சொல்லும்படியாகக் கிளம்பின. திரவ எரிவாயுவும் 2025 நடுவில் கிடிமாட் துறைமுகத்திலிருந்து போகத் தொடங்கியது.

வைரம் கிடைப்பது உண்மையா? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்குப் பிடித்த கதை இது. வைரம் தாங்கிய கிம்பர்லைட் பாறையோடு சில குறிப்பிட்ட கார்னெட் மணிகளும் பச்சைக் கனிமங்களும் சேர்ந்தே இருக்கும். பனிப்படலம் அந்தப் பாறையைச் சுரண்டி, மணிகளை நூற்றுக்கணக்கான கி.மீ. இழுத்துப்போய் இறைத்துவிட்டது. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் பிளஸன் என்ற இரு புவியியலாளர்கள் அந்த மணிகளைப் பொறுக்கி, பனி வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டே போனார்கள். கடைசியில் 1991ல் வடமேற்குப் பிரதேசத்தில் லாக் டி கிரா ஏரிப்பகுதியில் போய்ச் சேர்ந்தார்கள். கிம்பர்லைட் ஏரிக்கு அடியில் இருந்தது. 1998ல் எகாட்டி சுரங்கம் தொடங்கியது. 2003ல் டயாவிக்; அங்கே ஏரிக்குள்ளேயே அணை கட்டி நீரை இறைத்துவிட்டுத் தோண்டினார்கள்.

ஆனால் அங்கே போக சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் அவற்றின்மேல் பனியைத் தள்ளிச் சாலை போடுகிறார்கள். யெல்லோநைஃப் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்தத் தடத்தில் பெரும்பகுதி உறைந்த ஏரிகள்தான். பிப்ரவரி, மார்ச்சில் சுமார் எட்டு வாரம் திறந்திருக்கும். ஓர் ஆண்டுக்கு வேண்டிய டீசல், சிமென்ட், வெடிமருந்து எல்லாம் அந்த எட்டு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். பாரமேற்றிய லாரி மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வேகமாகப் போனால் பனிக்கு அடியில் தண்ணீரில் அலை எழும்பி, கரை அருகே மோதிப் பனியை உடைத்துவிடும். 2006ல் குளிர் போதாமல் சாலையைச் சீக்கிரமே மூட வேண்டியதாயிற்று. மீதிச் சரக்கை விமானத்தில் ஏற்றினார்கள். குளிர் குறைவதால் நட்டப்படும் தொழில் என்று ஒன்று இருக்கிறது என்பதே நம் ஊர்க்காரர்களுக்குப் புதுசு.

வேறு முக்கியமான கனிமங்கள்?

நிக்கல்: ஒன்டாரியோவின் சட்பரி. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதிய பள்ளம் அது. 1883ல் கனடிய பசிபிக் ரயில்பாதைக்குப் பாறையை வெட்டியபோது தாது தென்பட்டது. ரயில் வராவிட்டால் இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. உருக்காலைப் புகையின் கந்தகம் சுற்றியிருந்த மரஞ்செடிகளை அழித்துப் பாறையைக் கறுப்பாக்கிவிட்டது. 1978லிருந்து சுண்ணாம்பு தூவி, ஒரு கோடிக்கும் மேல் மரம் நட்டு, இப்போது மறுபடியும் பச்சை பிடித்திருக்கிறது. அப்பல்லோ விண்வெளி வீரர்கள் அங்கே பயிற்சிக்கு வந்தது விண்கல் மோதிய பாறையைப் பார்க்க. நிலா மாதிரி மொட்டையாக இருந்ததற்காக என்று ஊரில் சொல்வது பொய்.

யுரேனியம்: சஸ்காச்சுவான் மாகாணத்தின் அதபாஸ்கா படுகை. சாதாரணச் சுரங்கத்தில் தாதுவில் 1 சதவீதம்கூட யுரேனியம் இருக்காது. இங்குள்ள சிகார் லேக் சுரங்கத்தில் 10 சதவீதத்துக்கு மேல். கதிர்வீச்சு கடுமையாக இருப்பதால் ஆட்கள் தாதுவுக்குப் பக்கத்தில் போவதில்லை. தூரத்திலிருந்து நீரைப் பீய்ச்சி அறுத்தெடுக்கிறார்கள். சுற்றியுள்ள பாறையில் நீர் ஊறுவதால் குளிர்ந்த உப்புநீரைக் குழாயில் செலுத்தித் தரையை உறையவைக்க வேண்டும். கனடாவில் தரையைச் செயற்கையாக உறையவைக்கிறார்கள்! 1981ல் கண்டுபிடித்த அந்தத் தாது, 2006ல் சுரங்கம் மூழ்கியதெல்லாம் தாண்டி, 2014ல்தான் வெளியே வரத் தொடங்கியது.

பொட்டாஷ்: இதுவும் சஸ்காச்சுவான்தான், சுமார் 1 கி.மீ. ஆழத்தில். 38 கோடி ஆண்டுகளுக்கும் முன் வற்றிய கடலின் உப்பு. உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எண்ணெய் தேடித் துளைத்தபோதுதான் இது கிடைத்தது.

இதில் நம் பக்கத்துக்கு என்ன வருகிறது?

சொன்ன பொட்டாஷ் வருகிறது; வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா வெளிநாட்டையே நம்பியிருக்கிறது, கனடா அதில் ஒரு முக்கியமான விற்பனையாளர். பருப்பும் வருகிறது. சஸ்காச்சுவானில் 1970களுக்கு முன் பருப்புப் பயிர் அரிது. ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆராய்ச்சியாளர் அந்த மண்ணுக்கேற்ற ரகங்களைக் கொண்டுவந்த பிறகு, தரிசாகப் போட்டுவைத்த நிலமெல்லாம் பருப்பாயிற்று. கனடா இன்று உலகின் மிகப்பெரிய மசூர் பருப்பு ஏற்றுமதியாளர்களில் முதல் வரிசை. இலங்கையில் தினம் கொதிக்கும் மைசூர்ப் பருப்பில் கனடாவின் பங்கு உண்டு. இந்தியாவுக்கு மஞ்சள் பட்டாணி போகிறது. ஆனால் அங்கே விவசாயி விதைக்கும்போது இங்கே என்ன வரி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2017ல் 50 சதவீத வரி போட்டார்கள், 2023 டிசம்பரில் எடுத்தார்கள்.

காடு எவ்வளவு? தீ ஏன் இவ்வளவு எரிகிறது?

சுமார் 36 கோடி ஹெக்டேர். பெரும்பகுதி வடக்கத்திய ஊசியிலைக் காடு. அந்தக் காட்டுக்குத் தீ புதிதல்ல. சில பைன் வகைகளின் கூம்பு சூடு பட்டால்தான் திறந்து விதையைக் கொட்டும். 2023ல் நடந்தது வேறு. சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்து, நியூயார்க்கின் வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. வெப்பமும் வறட்சியும் முன்கூட்டியே தொடங்குகின்றன. தீப்பற்றும் இடத்துக்குப் பல இடங்களில் சாலை இல்லை; ஆட்கள் இல்லாத பகுதியில் எரிகிற தீயை எரியவிட்டுக் கண்காணிப்பதே வழக்கம்.

நியூஃபவுண்ட்லாந்தில் மீன் தீர்ந்துபோனது எப்படி?

குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும் ஆழமில்லாத கடல் கிராண்ட் பேங்க்ஸ். 1497ல் கடலோடி ஜான் கபட் வந்தபோது கூடையை விட்டே காட் மீனை அள்ளலாம் என்று சொன்னார்களாம். நானூற்றைம்பது ஆண்டுகள் அளவுக்குப் பிடித்தும் தாங்கியது. 1950களுக்குப் பிறகு ஐரோப்பிய ஆலைக்கப்பல்கள் வந்தன. 1968ல் வடக்கத்திய காட் மட்டும் 8 லட்சம் டன் பிடிபட்டது. 1977ல் கனடா 200 மைல் எல்லை போட்டு அவர்களை விரட்டியது. பிறகு அதே தவறைச் சொந்த இழுவைப்படகுகளால் செய்தது. கரையோரச் சிறு மீனவர்கள் 'மீன் சிறுத்துப்போகிறது' என்று சொன்னதை விஞ்ஞானிகளின் கணக்கு ஏற்கவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடியையே நிறுத்தினார்கள். 30,000 பேர் அளவுக்கு வேலை போனது. ஒரு மாகாணமே ஊரைக் காலிசெய்து மேற்கே எண்ணெய்மணலுக்கு வேலைதேடிப் போயிற்று. 2024ல்தான் தடையை விலக்கிச் சிறிய அளவில் அனுமதித்தார்கள். அதுவும் அவசரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மின்சாரம்?

ஏறத்தாழ 60 சதவீதம் நீர்மின்சாரம். கியூபெக்கில் 90 சதவீதத்துக்கு மேல். லாப்ரடாரின் சர்ச்சில் அருவி மின்நிலையம் 5,428 மெகாவாட். அதன் கம்பி வெளியே போக ஒரே வழி கியூபெக் வழியாகத்தான். அதனால் 1969ல் நியூஃபவுண்ட்லாந்து தரப்பு (லாப்ரடாரும் அதே மாகாணம்தான்) 2041வரை ஒரு யூனிட்டைக் கால் சென்ட் அளவிலான விலைக்கு விற்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நீதிமன்றம் ஏறியும் தோற்றார்கள். 2024 டிசம்பரில் புதிய உடன்பாட்டுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். வடக்கு கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடா அணைகளோ க்ரீ மக்களின் வேட்டை நிலங்களை மூழ்கடித்தன. நீர் தேங்கியபின் மீன்களில் பாதரசமும் கூடியது. 1975ல் க்ரீ, இனுயிட் மக்களோடு அரசு ஒப்பந்தம் செய்தது, வழக்குப் போட்ட பிறகு.

இந்த வளமெல்லாம் யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலும் மாகாண அரசுகளுக்கு. காட்டில் சுமார் 90 சதவீதம் பொதுச்சொத்து. சமவெளி மாகாணங்களுக்கு மட்டும் 1930வரை அந்த உரிமையைத் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு கொடுக்காமல் வைத்திருந்தது. ஆல்பர்ட்டாக்காரர்கள் மத்திய அரசை இன்றும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அந்தப் பழைய கசப்பும் ஒரு காரணம். பூர்வகுடிகளின் உரிமை தனிக் கதை. 2014ல் சில்கோட்டின் மக்களுக்கு, ஒப்பந்தம் எதுவும் செய்துகொடுக்காத அவர்களுடைய பரம்பரை நிலத்தில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் முதல்முறையாகக் குறிப்பிட்ட எல்லையோடு அறிவித்தது. 1999ல் உருவான நுனாவுட்டில் 20 லட்சம் சதுர கி.மீ. பரப்புக்கு 40,000 பேர், பெரும்பாலோர் இனுயிட். அங்கே சில நிலங்களில் நிலத்தடி வளமும் அவர்களுக்கே.

பனி உருகினால் வடமேற்குக் கடல்வழி திறந்து வளமெல்லாம் சுலபமாக வந்துவிடுமா?

அவ்வளவு எளிதல்ல. மெல்லிய பனி உருகும்போது வடக்கேயிருந்து பல ஆண்டு இறுகிய தடித்த பனிக்கட்டிகள் நழுவி வந்து நீரிணைகளை அடைக்கின்றன. கடல்படமும் துறைமுகமும் மீட்புக்கப்பலும் குறைவு. அந்த வழி தன் உள்நாட்டு நீர் என்கிறது கனடா. பன்னாட்டு நீரிணை என்கிறது அமெரிக்கா. நிலத்திலோ உருகல் எதிர்மாறாக வேலை செய்கிறது: பனிச்சாலையின் காலம் குறைகிறது, உறைந்த தரை இளகி ரயில்பாதை வளைகிறது.

இன்னும் தொடாமல் கிடக்கும் பெரிய வளம் ஏதாவது உண்டா?

வடக்கு ஒன்டாரியோவின் 'ரிங் ஆஃப் ஃபயர்'. 2007 வாக்கில் அங்கே குரோமைட்டும் (குரோமியத்தின் தாது) நிக்கலும் பெரிய அளவில் தெரியவந்தன. அன்றிலிருந்து அமைச்சர்கள் மாறி மாறி அறிவிப்புச் செய்கிறார்கள். அங்கே போகும் எல்லாப் பருவத்துக்குமான சாலை இன்னும் இல்லை. போட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கி.மீ. சதுப்பைத் தாண்ட வேண்டும். அந்தச் சதுப்பின் கரிமண்ணில் பல்லாயிரம் ஆண்டுக் கரிமம் புதைந்திருக்கிறது. வழியில் உள்ள பூர்வகுடி ஊர்களில் சில சாலையை வரவேற்று அதற்கான ஆய்வைத் தாங்களே நடத்துகின்றன, சில எதிர்க்கின்றன. மேலே சொன்ன நெஸ்கன்டாகா எதிர்க்கும் பக்கம். முதலில் குடிநீர் கொடுங்கள், பிறகு சாலையைப் பேசலாம் என்கிறார்கள்.